அரசூரில் அறுந்த சாலையும் ஆளுக்கொரு கணிப்பும்

2024 டிசம்பர் 2-ஆம் தேதி, திங்கட்கிழமை காலை முதல் மறுநாள் விடியும் வரை, சென்னை – திருச்சி தேசிய நெடுஞ்சாலையில் மடப்பட்டுக்கும் அரசூருக்கும் இடையில், வாழை இலையும் காய்கறியும் ஏற்றிய என் சிறிய சரக்கு வண்டியுடன் தனியாக மாட்டிக்கொண்டு நின்றேன். விழுப்புரத்துக்குத் தெற்கே வெள்ளம் சாலையின் மீது ஏறிப் போக்குவரத்து அறுந்த நாள் அது. என்னைச் சுற்றி நின்ற ஓட்டுநர்கள் எல்லோருடைய கைப்பேசியிலும் ஒரே வரைபடமும் ஒரே செய்தியும்தான் இருந்தன. ஆனால் அதைப் பார்த்து ஒருவர் போகலாம் என்றார், ஒருவர் நின்றுவிடுங்கள் என்றார், இன்னொருவர் குறுக்கு வழியில் திரும்புங்கள் என்றார். யார் சொல்வதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது என்று முன்கூட்டியே எவரேனும் எனக்குச் சொல்லியிருந்தால் அந்த ஒரு பகலும் ஓர் இரவும் வேறு விதமாகக் கழிந்திருக்கும். தனியாக வண்டி எடுத்துச் செல்பவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சென்னையில் சிறிய அளவில் விருந்துச் சமையல் ஒப்பந்தம் எடுத்துச் செய்து வருகிறேன். மறுநாள் ஓர் அறுபதாம் கல்யாணத்துக்கு இலை போட வேண்டியிருந்தது. புயல் மழையில் என் ஓட்டுநரின் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதால், திருச்சியிலிருந்து சரக்கைக் கொண்டுவர நானே வண்டியை எடுக்க வேண்டியதாயிற்று. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்திருந்தது. மயிலத்தில் மட்டும் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதன்பின் மழை உள்மாவட்டங்களுக்கு நகர்ந்து, சாத்தனூர் அணைக்கு வந்த வெள்ளம் அப்படியே தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. திங்கட்கிழமை அதிகாலையில் நொடிக்கு 1,68,000 கன அடி நீர் வெளியேறுகிறது என்ற செய்தி, நான் திருச்சியை விட்டுக் கிளம்பிச் சிறிது நேரத்துக்குள் எல்லோருடைய கைப்பேசிக்கும் வந்து சேர்ந்தது. எனக்கும் வந்தது. அதில் ஆற்றங்கரையில் வாழும் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. நெடுஞ்சாலையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

உளுந்தூர்ப்பேட்டை வரை சாலை நன்றாகவே இருந்தது. வழியில் ஒரு சுங்கச்சாவடியில் விசாரித்தபோது, வண்டிகள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன என்றார்கள். அவர்கள் சொன்னது பொய்யல்ல. அவர்கள் கண்ணெதிரே வண்டிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. மடப்பட்டைத் தாண்டியதும் முன்னே சென்ற லாரிகள் ஒவ்வொன்றாக நின்றன. சில நிமிடங்களில் பின்னாலும் வண்டிகள் வந்து அடைத்துக்கொண்டன. வலப்பக்கம் நடுத் தடுப்பு, இடப்பக்கம் பள்ளமும் சேறும். திரும்புவதற்கு வழியே இல்லை.

எனக்கு முன்னால் நின்ற காரில் ஒரு குடும்பம் இருந்தது. அந்தக் காரை ஓட்டி வந்தவர் கைப்பேசியைக் காட்டி, "இன்னும் மூணு கிலோமீட்டர்தான் சிவப்பு மேடம். அதுக்கு அப்புறம் ரோடு க்ளியரா இருக்கு. நாப்பது நிமிஷ தாமதம்னு காட்டுது" என்று உறுதியாகச் சொன்னார். விமான நிலையத்துக்குப் பயணியை ஏற்றி வந்த கால் டாக்சி ஓட்டுநரோ, செயலி மேற்கே காட்டிய குறுக்கு வழியைப் பிடித்தால் பயணியை இறக்கிவிடலாம் என்ற ஒரே எண்ணத்தில் இருந்தார். அவருக்குக் கிடைக்க வேண்டிய வாடகை அந்தப் பயணி போய்ச் சேர்வதில் இருந்தது. பின்னால் நின்ற ஆம்னி பஸ்ஸின் ஓட்டுநர் வரைபடத்தைத் திறக்கவே இல்லை. தமக்கு முன்னால் இரவில் சென்ற வண்டிகளின் ஓட்டுநர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருந்தார். மூவருடைய கணிப்பும் அவரவர் நிலையிலிருந்து நியாயமானதாகத்தான் தோன்றியது. அதனால்தான் குழப்பம் அதிகமாயிற்று.

என் வண்டிக்குப் பக்கத்து வரிசையில் நாமக்கல் லாரி ஒன்று நின்றது. அதன் ஓட்டுநருக்கு அறுபது வயதை ஒட்டி இருக்கும். நான் இறங்கிச் சென்று, "அண்ணே, எப்ப விடுவாங்கன்னு தெரியுமா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் தடுப்புக்கு அப்பால், சென்னையிலிருந்து வரும் பாதையைக் காட்டி, "எதுத்தாப்புல வண்டி வருதுங்களாம்மா?" என்று கேட்டார். நான் நின்று பார்த்தேன். நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு டிராக்டர் வந்தது, அடுத்து இரண்டு இருசக்கர வண்டிகள் வந்தன. "டிராக்டர் டயரப் பாருங்க. அச்சு வரைக்கும் ஈரம். வர்றதெல்லாம் உள்ளூர் வண்டிங்க. மெட்ராஸ் வண்டி ஒண்ணு வந்தாத்தான் நமக்கு ரோடு இருக்குன்னு அர்த்தம்" என்றார். சாத்தனூர்ச் செய்தியை அவரும் விடியும் முன்பே பார்த்திருக்கிறார். திருக்கோவிலூர்ப் பக்கம் பல ஆண்டுகள் நெல்லும் கரும்பும் ஏற்றியவர் ஆதலால், அந்தக் கன அடிக் கணக்கு அவருக்குச் சாலைச் செய்தியாகவே தெரிந்திருக்கிறது. ஆனால் வாடகை பேசிய சரக்கை வழியில் நிறுத்தும் உரிமை அவருக்கு இல்லை. முதலாளி போகச் சொன்னார், வந்தார்.

வரைபடத்தின் நிறங்களை எப்படிப் படிப்பது என்பதை அன்று நான் நிதானமாக யோசித்தேன். பின்னர் இதைப் பற்றித் தேடியும் படித்தேன். கூகுள் மேப் காட்டும் பச்சை, மஞ்சள், சிவப்பு ஆகியவை முதன்மையாக அந்தச் சாலையில் நகரும் கைப்பேசிகளின் வேகத்திலிருந்து வருபவை. 2020-இல் பெர்லினில் ஒரு கலைஞர் 99 கைப்பேசிகளை ஒரு சிறு கைவண்டியில் போட்டு இழுத்துச் சென்று, காலியான தெருவைச் சிவப்பாகக் காட்டச் செய்தது பலருக்கு நினைவிருக்கலாம். வேகம் குறைந்திருக்கிறது என்பதை நிறம் காட்டும். ஏன் குறைந்தது என்பதை அது சொல்லாது. சுங்கச்சாவடி வரிசையும், கவிழ்ந்த லாரியும், சாலையை அறுத்த ஆறும் திரையில் ஒரே சிவப்புதான். இதைவிட முக்கியமானது, சிவப்புக்கு அப்பால் காரோட்டி பார்த்த அந்தத் தெளிவான சாலை. அங்கே நெரிசல் இல்லாததற்குக் காரணம், அங்கே வண்டிகளே இல்லை என்பதுதான். ஆகவே நீண்ட சிவப்புக் கோட்டைக் கண்டால் நீங்கள் செல்லும் திசையை மட்டும் பார்க்காதீர்கள். எதிர்த்திசைப் பாதைக்கு என்ன நிறம் என்று பெரிதாக்கிப் பாருங்கள். உங்கள் பக்கம் மட்டும் சிவந்து, எதிர்ப்பக்கம் பச்சையாக வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் நெரிசல், காத்திருந்தால் தீரும். இரு பக்கமும் ஒரே இடத்தை நோக்கிச் சிவந்து, அந்த இடத்துக்கு அப்பால் இரு புறமும் வெறிச்சோடியிருந்தால் சாலை மூடப்பட்டிருக்கிறது என்றே கொள்ளுங்கள். நாற்பது நிமிட தாமதம் என்ற கணக்கையும் அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இப்போதைய வேகத்தையும் வழக்கமான நாட்களின் போக்கையும் வைத்துப் போடும் கணக்கு அது. வழக்கத்தில் இல்லாத வெள்ளத்துக்கு அதில் இடம் கிடையாது.

குறுக்கு வழியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேற்கே திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கமாகச் சென்று சுற்றி வரும் பாதையைச் செயலி காட்டியது. கால் டாக்சி ஓட்டுநரும் வேறு சில கார்க்காரர்களும் தடுப்பில் இருந்த இடைவெளி வரை பின்னோக்கி ஓட்டிச் சென்று அந்தப் பாதைக்குத் திரும்ப முயன்றார்கள். என்னையும் அழைத்தார்கள். கூட்டமாகப் போகிறார்களே, நாம் மட்டும் ஏன் நிற்க வேண்டும் என்ற தவிப்பு எனக்குக் கடுமையாக இருந்தது. லாரிக்காரர் ஒன்றுதான் கேட்டார்: "எந்தப் பக்கம் போனாலும் தென்பெண்ணையத் தாண்டாம விழுப்புரம் போயிர முடியுங்களா?" முடியாது. தென்பெண்ணை சாத்தனூரிலிருந்து திருக்கோவிலூர் வழியாகக் கடலூர் வரை மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. தெற்கிலிருந்து வரும் வண்டி பண்ருட்டி வழியாகப் போனாலும் திருக்கோவிலூர் வழியாகப் போனாலும் அந்த ஆற்றை எங்கேனும் கடந்தே தீர வேண்டும். நெடுஞ்சாலையின் உயரமான பாதையே முழுகிய நாளில், ஊர்ச் சாலையில் உள்ள தாழ்வான பாலம் மட்டும் எப்படித் தப்பியிருக்கும்? முன்னால் நின்ற காரில் இருந்த அம்மையார், ஒரு வாரத்துக்கு முன்புதான் உத்தரப்பிரதேசத்தின் பரேலி அருகே வழிகாட்டிச் செயலியை நம்பிச் சென்ற கார் முழுமையடையாத பாலத்திலிருந்து விழுந்து மூவர் இறந்த செய்தியைக் கணவருக்கு நினைவுபடுத்தி, அவரைப் போகவிடாமல் தடுத்துவிட்டார். சென்ற கார்களில் ஒன்று பிற்பகலில் டிராக்டர் கட்டி இழுத்து வரப்பட்டது. தண்ணீரில் நின்றுபோன எஞ்சினை மறுபடியும் மறுபடியும் ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். அப்படிச் செய்தால் உள்ளே புகுந்த நீர் எஞ்சினையே உடைத்துவிடக்கூடும். எஞ்சின் பாதுகாப்புக்கெனக் கூடுதல் காப்பீடு எடுக்காதவர்களுக்கு இத்தகைய சேதத்துக்குப் பெரும்பாலும் பணம் கிடைப்பதில்லை. தண்ணீரில் வண்டி நின்றால் சாவியைத் தொடாமல் தள்ளிக் கரையேற்றுவது ஒன்றே வழி.

அன்று நான் அடிக்கடி கேட்ட சொல் "முழங்கால் தண்ணிதான்" என்பது. உள்ளூர்ப் பால்காரர் ஒருவர் அப்படித்தான் சொன்னார். இரண்டு லாரி ஓட்டுநர்களும் அதையே சொன்னார்கள். லாரியின் சக்கரம் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம். அதன் ஓட்டுநருக்கு முழங்கால் தண்ணீர் பாதிச் சக்கரம். டிராக்டருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. என் வண்டிக்கோ முழங்கால் தண்ணீர் என்றால் எஞ்சினுக்குள் தண்ணீர். ஓடும் வெள்ளம் 30 சென்டிமீட்டர் இருந்தாலே சிறிய கார்களைத் தூக்கி நகர்த்தும் வலிமை கொண்டது. 60 சென்டிமீட்டரில் பெரும்பாலான வண்டிகளை அடித்துச் சென்றுவிடும். தண்ணீருக்குக் கீழே தார் இருக்கிறதா, அரித்துப்போன குழி இருக்கிறதா என்பது எவருக்கும் தெரியாது. ஆகவே, பாதை எப்படி இருக்கிறது என்று பொதுவாகக் கேட்காதீர்கள். நீங்களே கடந்து வந்தீர்களா, எந்த வண்டியில், எப்போது, தண்ணீர் எது வரை வந்தது என்று நான்கையும் கேளுங்கள். தாமே கடந்து வராதவரின் பதில் எவ்வளவு அக்கறையுடன் சொல்லப்பட்டாலும் அது கேள்விப்பட்ட செய்திதான். அன்று இந்தக் கேள்விகளைக் கேட்கத் தொடங்கியபின், பத்துப் பேர் சொன்ன தகவலில் இரண்டு பேருடையதுதான் மிஞ்சியது.

பகல் முழுக்க நிற்க முடிந்தது. இரவுதான் பயமாக இருந்தது. மழை விட்டுவிட்டுப் பெய்தது, தெருவிளக்கு இல்லை, கைப்பேசியில் சார்ஜ் குறைந்துகொண்டே வந்தது. காலையிலிருந்து கழிப்பறை இல்லாமல், அதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்ததில் தலைவலி வந்துவிட்டது. ஆண்கள் சாலையோரம் ஒதுங்கிக்கொண்டார்கள். காரில் இருந்த அம்மையாரும் நானும் மாலையில் சேறு தாண்டி நடந்து, ஒரு வீட்டில் கேட்டபோது, அந்த வீட்டுப் பெண்மணி மறுக்காமல் உள்ளே விட்டு, சூடாகக் காப்பியும் கொடுத்தார். அவர்கள் வீட்டுத் தோட்டத்திலும் தண்ணீர் நின்றிருந்தது. நெடுஞ்சாலையில் செல்லும் பெண்கள் முதல் தயக்கம் வந்த இடத்திலேயே, கழிப்பறையும் வெளிச்சமும் உள்ள ஊரிலோ சுங்கச்சாவடியிலோ வண்டியை ஓரங்கட்டிவிடுவது நல்லது. வரிசைக்குள் சென்றுவிட்டால் அந்த வசதி கிடையாது. குடிநீர், பிஸ்கட், பவர் பேங்க், கையில் கொஞ்சம் ரொக்கம் ஆகியவை மழைக்காலத்தில் வண்டியை விட்டு இறங்கவே கூடாதவை.

இரவு பத்து மணியளவில் தார்ப்பாயை விலக்கி இலைக்கட்டுகளுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். மேலே குளிர்ந்திருந்தாலும் கட்டின் நடுவில் வெதுவெதுப்பு ஏறியிருந்தது. விளிம்புகள் மஞ்சளாகி, விரித்தால் நரம்போடு கிழிந்தன. ஈரச் சாக்கை மாற்றி மாற்றிப் போட்டும் பயனில்லை. வேறு ஊருக்கு அனுப்பவோ அங்கேயே யாருக்காவது விற்கவோ வழியில்லாமல், சரக்கு கண்ணெதிரே வீணாவதைப் பார்த்துக்கொண்டிருப்பது மிகுந்த வேதனையாக இருந்தது. அந்த நேரத்தில்தான் வாடிக்கையாளரை அழைத்து, நான் வர இயலாது, இலையும் காயும் கோயம்பேட்டில் வாங்கிக்கொள்ளுங்கள், விலை வித்தியாசத்தை நானே தருகிறேன் என்று சொன்னேன். அவர் பெருந்தன்மையாகப் பேசினார்.

பொறுமை இழந்த சில கார்களும் வேன்களும் இரவில் எதிர்ப்பாதையில் ஏறி முன்னே சென்று நின்றுகொண்டன. எதிர்ப்பாதை காலியாக இருப்பதை அவர்கள் தங்களுக்குக் கிடைத்த வழியாகப் படித்தார்கள். மீட்பு வண்டிகளுக்கும், திரும்ப வேண்டியவர்களுக்கும் இருந்த ஒரே பாதை அதனால் அடைபட்டது. காவலர்கள் வந்து அவற்றைப் பின்னோக்கி எடுக்கவைத்து ஒழுங்குபடுத்துவதற்கே விடியற்காலை ஆகிவிட்டது. நாமக்கல் லாரிக்காரர் முதலிலிருந்தே தமக்கு முன்னால் ஒரு கார் நீளத்துக்கு இடைவெளி விட்டிருந்தார். இருபுறமிருந்தும் ஹாரன் அடித்தும் அவர் அதை நிரப்பவில்லை. அந்த இடைவெளிக்குள் வண்டியைத் திருப்பித்தான் நான் வெளியே வந்தேன். நிற்கும் வரிசையில் முன் வண்டியின் பின்சக்கரம் தார்ச்சாலையைத் தொடும் இடம் உங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்காவது இடைவெளி விட்டு நில்லுங்கள்.

உளுந்தூர்ப்பேட்டைக்குத் திரும்பும் வழியில் விளக்குச் சைகைகளிலும் அதே சிக்கல். எனக்கு முன்னால் சென்ற லாரி வலது இண்டிகேட்டரைப் போட்டது. நம் நெடுஞ்சாலைகளில் சிலர் இதை, என்னை முந்திச் செல்லுங்கள் என்ற அனுமதியாகப் போடுகிறார்கள்; சிலர், வலப்பக்கம் திரும்பப் போகிறேன் என்பதற்காகப் போடுகிறார்கள். ஒன்றை மற்றொன்றாகப் படித்தால் உயிர் போய்விடும். எதிரே வருபவர் விளக்கை விட்டுவிட்டு அடிப்பதும் அப்படித்தான். முன்னே ஆபத்து என்று எச்சரிப்பவரும் உண்டு, நான் வருகிறேன், நீ நில் என்று சொல்பவரும் உண்டு. மழையில் நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டு ஓட்டும் பழக்கம் பரவிவிட்டதால், உண்மையில் பழுதாகி நிற்கும் வண்டி எது என்று பின்னால் வருபவருக்குத் தெரிவதில்லை. பொருள் உறுதியாகாத சைகையைக் கண்டால் நான் இப்போது வேகத்தைக் குறைத்துக்கொண்டு, அந்த வண்டி என்ன செய்கிறது என்று பார்த்தபின்தான் முந்துகிறேன்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வீணான இலையும் காய்கறியும் 34,000 ரூபாய். கோயம்பேட்டில் வாங்கிய விலை வித்தியாசத்துக்கு 11,000 ரூபாய் கொடுத்தேன். டீசலும் உளுந்தூர்ப்பேட்டையில் ஒரு நாள் அறை வாடகையும் 3,000 ரூபாயைத் தாண்டின. சரக்குக் காப்பீட்டில் கேட்டபோது, வண்டி கவிழ்ந்தோ தீப்பிடித்தோ சேதமானால்தான் ஈடு உண்டு, தாமதத்தால் அழுகியதற்குக் கிடையாது என்றார்கள். அழுகும் பொருள் ஏற்றுபவர்கள் இதைக் கையெழுத்திடும் முன்பே படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது மழைக்காலத்தில் சென்னை – திருச்சி சாலையில் கிளம்பும் முன், வரைபடத்தைத் திறப்பதற்கு முன்பாகவே ஆறுகளைப் பார்க்கிறேன். கொள்ளிடம், வெள்ளாறு, கெடிலம், தென்பெண்ணை, விக்கிரவாண்டியில் சங்கராபரணி, செங்கல்பட்டுக்கு அருகே பாலாறு. இவற்றில் எதிலாவது அணை திறப்பு பற்றிய செய்தி வந்திருந்தால், அது என் சாலையை எந்த ஊரில் கடக்கிறது என்று பார்த்து, அந்த ஊருக்கு முந்தைய பெரிய ஊரைத் தங்கும் இடமாக முடிவு செய்துகொள்கிறேன். அங்கே சென்றதும் தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐயும் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077-ஐயும் அழைத்துக் கேட்கிறேன். பிறகு பெட்ரோல் பங்கில் நின்று எதிர்த்திசையிலிருந்து வரும் ஓட்டுநர்களில், என் வண்டி அளவுள்ள வண்டியை ஓட்டி வந்தவரைத் தேடிக் கண்டுபிடித்து அந்த நான்கு கேள்விகளையும் கேட்கிறேன். அப்படி ஒருவரும் கிடைக்கவில்லை என்றால் அன்று அதற்கு மேல் போவதில்லை. விருந்து ஒப்பந்தத்திலும், வெள்ளத்தால் சாலை மூடப்பட்டால் சரக்கை உள்ளூரில் வாங்கும் செலவை இருவரும் பகிர்ந்துகொள்வது என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். இதுவரை எந்த வாடிக்கையாளரும் அதை மறுக்கவில்லை.